ஓடுகிற கிழிசல், நிற்கிற கிழிசல்

ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்தில் வடகடல் ஓரமாக எங்கள் பெண்கள் குழு கடல்பாசி வளர்க்கிறது. கணக்கு நோட்டு என் பொறுப்பு. காய்ந்த பாசியை யார் எத்தனை கிலோ கொண்டுவந்தார்கள், யாருக்கு எவ்வளவு பணம் போய்ச் சேர வேண்டும் என்று எழுதுகிற வேலை. ஏழு வருடமாக எழுதுகிறேன்.

2025 மார்ச்சில் ஒரு நாள் 46 கிலோவை ஆள் மாற்றி எழுதிவிட்டேன். எங்கள் குழுவில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். முன்னெழுத்துதான் வேறு. அன்று வெயில் அதிகம், எடைக்கு நிற்கிறவர்களும் அதிகம். ஒருவருடைய மூட்டை இன்னொருவர் பெயரில் ஏறிவிட்டது. பணம் போட்ட பிறகுதான் தெரிந்தது. குறைந்து போன அக்கா சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "கண்ணு, எனக்கு ஏதோ குறையுதே, கொஞ்சம் பார்த்துச் சொல்றியா" என்று மெதுவாகத்தான் கேட்டார். நோட்டைத் திருப்பியதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

மறுநாள் காலை கரையில் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். அதிகமாக வாங்கியவர் முந்தானையிலிருந்து பணத்தை எடுத்து அங்கேயே எண்ணிக் கொடுத்தார். மூன்று பேரும் டீ குடித்தோம். விஷயம் அதோடு முடிந்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் முடிந்துவிட்டது, எனக்கு முடியவில்லை.

அந்த 46 கிலோ எனக்கு ஏன் அவ்வளவு பாரமாக இருந்தது என்பது புரிய, அது எப்படிச் சேர்கிறது என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் தெப்பம். குறுக்கே இருபது கயிறு. ஒவ்வொரு கயிற்றிலும் இருபது இடத்தில் ஒரு கைப்பிடி விதைப்பாசியைக் கட்டுவோம். ஆக ஒரு தெப்பத்துக்கு நானூறு முடிச்சு, கிட்டத்தட்ட 60 கிலோ விதை. ஓரா மீன் வந்து மேய்ந்துவிடாமல் இருக்க அடியில் வலை கட்டிக் கடலில் விடுவோம். 45 நாளில் அறுவடை. இடுப்பளவு தண்ணீரில் நின்று தெப்பத்தைக் கரைக்கு இழுக்கும்போது தோள் கழன்றுவிடும் போல இருக்கும். பச்சைப் பாசி பத்துக் கிலோ காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும். அப்படியென்றால் 46 கிலோ காய்ந்த பாசிக்குப் பின்னால் எத்தனை முடிச்சு, எத்தனை நாள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நானும் கட்டுகிறவள்தான். அதனால்தான் மனசு ஆறவில்லை.

அடுத்த நான்கு வாரம் நான் நானாக இல்லை. இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடும். பழைய மாதக் கணக்குகளை மனதுக்குள்ளேயே கூட்டிப் பார்ப்பேன். எழுதியதைத் திரும்பப் பார்ப்பேன், பார்த்ததை மறுபடி பார்ப்பேன். அந்த அக்காவை எங்கே கண்டாலும், தண்ணீர்க் குழாயடியாக இருந்தாலும் கோயில் வாசலாக இருந்தாலும், "அக்கா, மனசுல வச்சுக்காதீங்க" என்பேன்.

இடையில் ஏப்ரல் 6 வந்தது. ஞாயிற்றுக்கிழமை, ராமநவமி. பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் விட்ட நாள். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்ற பிறகு இரண்டு வருடத்துக்கு மேலாக எங்கள் தீவில் ரயில் சத்தமே இல்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மண்டபத்தில் இறங்கி பஸ்ஸைப் பிடித்துத்தான் வர வேண்டும். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம் நின்று போனால் ஊருக்கே ஏதோ குறைந்த மாதிரி இருக்கும். அன்று மதியம் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் தண்டவாளப் பக்கம் போய்விட்டார்கள். என் கடைசிப் பையன், எட்டு வயது, "அம்மா வா, அம்மா வா" என்று கையைப் பிடித்து இழுத்தான். "நீ தாத்தாவோட போ, நான் வர்றேன்" என்றேன். பிப்ரவரிக் கணக்கை நான்காவது முறையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு தப்பும் இல்லை. ஹாரன் சத்தம் கேட்டது. பிள்ளைகள் கத்துவது கேட்டது. நான் நோட்டை மூடி எழுந்தபோது ரயில் போய்விட்டது.

அந்த நாள் இனி வராது. இதை எழுதும்போதும் அது வலிக்கத்தான் செய்கிறது.

அதைவிட மோசமானது சித்திரை பிறந்த வாரத்தில் நடந்தது. பயத்தில் ஒவ்வொரு மூட்டையையும் மூன்று முறை தராசில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை மூன்று மணி நேரம் இழுத்தது. பெண்கள் எதுவும் சொல்லாமல் காத்திருந்தார்கள். இருட்டிவிட்டது. கடைசியாக நின்ற இரண்டு பேரின் பாசி கரையில் விரித்தபடியே கிடந்தது, காலையில் அள்ளிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். இரவில் கோடை மழை. காய்ந்த பாசியில் மழைத் தண்ணீர் பட்டால் வெளுத்துப் போகும், சத்து இறங்கிவிடும். வியாபாரி விலையைக் குறைத்துத்தான் எடுத்தார். முதல் தப்பில் யாருக்கும் ஒரு ரூபாய் நஷ்டமில்லை. அந்தத் தப்பை நான் விடாமல் பிடித்துக்கொண்டதில் இரண்டு குடும்பத்துக்கு நஷ்டம்.

அன்றைக்கும் அந்த அக்காவிடம் போய் நின்றேன். பழைய விஷயத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். அவர் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ தெனமும் வந்து மன்னிச்சிருங்கன்னு சொன்னா, நானும் தெனமும் அத மறக்காம வச்சிருக்கணும்ல கண்ணு. நான் அன்னைக்கே மறந்துட்டேன். நீதான் ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்க."

இதை நான் யோசித்ததே இல்லை. மன்னிப்புக் கேட்பது அவருக்கு ஆறுதல் என்று நினைத்திருந்தேன். உண்மையில் என் மனசை அமைதிப்படுத்தச் சொல்லி அவரிடம் திரும்பத் திரும்ப வேலை வாங்கிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மாமாவின் வலை. என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. கரையெல்லாம் படகு வேலையும் வலை வேலையுமாக இருக்கும். 73 வயதான என் மாமனார் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார், ஆனால் நாட்டுப்படகுக்காரர்கள் கிழிந்த நண்டு வலையைக் கொண்டுவந்து கொடுத்தால் சரிசெய்து கொடுப்பார். வீட்டுக்குப் பின்னால் பனை நிழலில் உட்கார்ந்து, வலையின் ஒரு முனையைக் கால் கட்டை விரலில் மாட்டி விறைப்பாக இழுத்துக்கொண்டு, நூல் சுற்றிய ஊசியை வலைக் கண்ணுக்குள் விட்டு எடுப்பார். முடிச்சை இறுக்கும்போது உதட்டை ஒரு மாதிரி கடித்துக்கொள்வார். அந்த ஊசி போய் வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஒரு மதியம் அவருக்குக் காபி கொடுக்கப் போனவள், நடு வலையில் விரல் நுழைகிற அளவு ஒரு ஓட்டையைப் பார்த்தேன். அவர் அதைத் தாண்டிப் போய் வேறு இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, இந்தக் கிழிசல விட்டுட்டீங்களே."

அவர் விரலை விட்டு விரித்துப் பார்த்தார். "இது நிக்கிற கிழிசல் ஆத்தா. நண்டு அறுத்த எடம். நாலு கண்ணு போயிருக்கு, இதுக்கு மேல போகாது. நடுவுல பாரம் இல்ல."

"அப்ப இது?" அவர் கையில் இருந்த இடத்தைக் காட்டினேன். அடிக்கயிற்றை ஒட்டி ஒரே ஒரு கண்தான் அறுந்திருந்தது.

"இது ஓடும். கயித்துப் பக்கம் பூராவும் இழுவை. இன்னைக்கு ஒரு கண்ணு, நாளைக்குப் பார்த்தா ஒரு முழம். இத இப்பவே கட்டிரணும்."

"ரெண்டையும் கட்டிட்டா நல்லதுதானே மாமா?"

"கட்டலாம். இந்த மாதிரி இதுல முப்பது இருக்கு. அம்புட்டையும் கட்டி முடிச்சா வலை எப்ப கடலுக்குப் போறது? அதுக்குள்ள நண்டு கெடக்காது." காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் திரும்ப ஊசியை எடுத்தார்.

எனக்காகச் சொன்னது இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். நான்தான் அங்கேயே நின்றுவிட்டேன். நான் கிழிசலின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் அது இருக்கிற இடத்தைப் பார்த்தார்.

அன்று இரவு நோட்டின் கடைசிப் பக்கத்தில், அந்த மாதத்தில் எனக்கு உறுத்திய தப்புகளை எழுதினேன். பெயர் மாறியது. மகளிடம் போனில் எரிந்து விழுந்தது. ஒரு கல்யாண வீட்டில் மொய் எழுதும்போது ஊர்ப்பெயரைத் தப்பாக எழுதியது. குழம்பில் புளி அதிகமாகிப் போனது. பக்கத்து வீட்டு மதினியின் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்தது. கூட்டத்தில் வார்த்தை தடுமாறியது. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஓடும்', 'நிற்கும்' என்று ஒரு வார்த்தை எழுதினேன். இப்படி எழுதிய மொத்தம் பன்னிரண்டில் இரண்டுதான் ஓடுகிறது. பெயர் மாறியது ஓடும், ஏனென்றால் காரணம் அப்படியே இருக்கிறது, அடுத்த மாதமும் மாறலாம். மகளிடம் கோபப்பட்டதும் ஓடும், அவள் மதுரையில் விடுதியில் தனியாக இருக்கிறாள், இரண்டு நாளாகப் போன் எடுக்கவில்லை.

பெயர் மாறியதற்கு நான் செய்தது மிகச் சின்ன வேலை. அந்த இரண்டு பேரின் மூட்டை வாயிலும் துணி கட்டச் சொன்னேன். ஒருவருக்குச் சிவப்பு, ஒருவருக்குப் பச்சை. நோட்டிலும் அதே நிறப் பேனாவில் பெயர். எடையைச் சத்தமாகச் சொல்லி, மூட்டைக்காரரே திரும்பச் சொன்ன பிறகு எழுதுவது. தராசில் ஒரு முறைதான். அன்றிலிருந்து அந்தப் பெயர் மாறவில்லை. நான்கு வாரம் நான் பட்ட கவலை செய்யாத வேலையை இரண்டு துண்டுத் துணி செய்தது. இதை எல்லாரிடமும் சொல்கிறேன்: ஒரு தப்பு திரும்ப நடக்கக் கூடாது என்றால் 'இனி கவனமாக இருப்பேன்' என்று சபதம் போடாதீர்கள். தப்பு நடந்த இடத்தில் எதை மாற்றலாம் என்று பாருங்கள்.

மகளுக்கு அன்றிரவே குரல் பதிவு அனுப்பினேன். "அன்னைக்கு நான் பேசுனது தப்பு. உன் மேல கோபம் இல்ல, எனக்குத் தூக்கம் இல்ல." அவ்வளவுதான். நீட்டவில்லை, காரணம் அடுக்கவில்லை. பத்து நிமிடத்தில் போன் வந்தது.

அவள் உளவியல் படிக்கிறாள். நடந்ததையெல்லாம் சொன்னபோது பாடத்தில் படித்த ஒரு ஆய்வைச் சொன்னாள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் என்ற பேராசிரியரும் கூட இருந்தவர்களும் செய்தது, 2000-இல் வெளியானது. ஒரு மாணவருக்கு, போட்டுக்கொள்ளவே கூச்சமாக இருக்கும்படி ஒரு பாடகரின் படம் போட்ட டீ-சட்டையை மாட்டிவிட்டு, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டால், கிட்டத்தட்டப் பாதிப் பேர் என்றார்களாம் சட்டை போட்டவர்கள். உண்மையில் கவனித்தது நான்கில் ஒருவர்தான். கூட்டத்தில் நான் தடுமாறியதை நினைத்துப் பார்த்தேன். மறுநாள் மூன்று பேரிடம் கேட்டேன். இரண்டு பேருக்கு நான் பேசினதே ஞாபகமில்லை. ஒருவர், "நல்லாத்தானே பேசுன" என்றார்.

இன்னொன்றும் அவளிடமிருந்து கிடைத்தது. கவலையை வராதே என்று விரட்டாமல், அதற்கென்று தினமும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் அரைமணி ஒதுக்கிவிடுவது. மற்ற நேரத்தில் நினைப்பு வந்தால், அந்த நேரத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்துவிட்டுக் கையில் இருக்கிற வேலைக்குத் திரும்புவது. தாமஸ் போர்க்கோவெக் என்பவரும் அவர் குழுவும் 1983-லேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எனக்குச் சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஆறு. இடம் பின்வாசல் திண்ணை. முதல் வாரம் அரைமணியும் போதவில்லை. மூன்றாவது வாரத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்காது, மீதி நேரம் மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன். எங்கள் ஊர் மல்லிகை நாற்றுக்குப் பேர்போனது, வீட்டுக்குப் பின்னால் நாலு செடியாவது இல்லாத வீடு குறைவு. படுக்கையறைக்கு மட்டும் இந்த நேரத்தைக் கொண்டுபோகக் கூடாது. படுத்துக்கொண்டே யோசிக்க ஆரம்பித்தால் பாயே கவலைக்கான இடமாகிவிடும்.

எல்லாருக்கும் இது போதும் என்று சொல்ல மாட்டேன். வாரக்கணக்கில் தூக்கம் போய், சாப்பாடு பிடிக்காமல், செத்துப் போகலாம் என்கிற அளவுக்கு மனசு போனால் தயவுசெய்து திண்ணையில் உட்கார்ந்திருக்காதீர்கள். 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் டெலி-மானஸ் ஆலோசகர்கள் பேசுவார்கள், பணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

தப்பை விட்டுவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது? இது என் மாமியாரிடம் கேட்டது. அவர் தென்கடலில் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுத்தவர். பாறையில் அறுத்த தழும்பு இன்றும் விரல்களில் வெள்ளைக் கோடாக இருக்கிறது. துணியை விரலில் சுற்றிக்கொண்டு மூழ்குவார்களாம். ஒரு நாள் அவர் நாள் முழுக்க எடுத்த பாசிப் பை, கயிறு சரியாகக் கட்டாததால் அவிழ்ந்து தண்ணீரோடு போய்விட்டது. "அன்னைக்கு என்ன அத்தை செஞ்சீங்க?" என்றேன்.

"என்ன செய்ய? படகுல வந்து தூக்குச்சட்டியத் தொறந்தோம். பழைய சோறு, சுட்ட கருவாடு. எம் பங்குக்கு ஒருத்தி மாங்கா கீத்து ரெண்டு போட்டா. இன்னமும் அந்த மாங்கா ருசி நாக்குல இருக்கு." அந்தப் பையில் எத்தனை கிலோ இருந்திருக்கும் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.

நானும் அதைத்தான் பழக ஆரம்பித்தேன். தினமும் ஒன்றை, அது நடக்கும்போதே, முழுசாகக் கவனிப்பது. பெரிதாக ஒன்றும் வேண்டாம். விடியற்காலையில் தெப்பத்துக்குப் போகும்போது கணுக்காலில் படுகிற தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், கரை மணல் குளிர்ந்து கிடக்கும். இத்தனை வருடம் நடந்தும் அதை நான் கவனித்ததில்லை. கச்சான் காற்று எழும்பினால் பனை மட்டைகள் உரசுகிற சத்தம். வைகாசியில் பனையேறி இறக்கிக் கொடுக்கிற பதநீரைப் பட்டை பிடித்துக் குடிக்கும்போது வாயோரம் வழிவதைத் துடைக்காமல் விடுவது. சூடை மீன் மலிந்த அன்று நான்கு வீட்டு அடுப்பிலும் ஒரே வாசம். இவற்றுக்கெல்லாம் கூடுதல் நேரம் தேவைப்படவில்லை. நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த இடம்தான்.

இன்னும் தப்பு செய்கிறேன். போன மாதம் விதைப்பாசி கட்டும்போது ஒரு கயிற்றைத் தலைகீழாகக் கட்டிவிட்டேன், அவிழ்க்கவில்லை. பாசிக்கு அது தெரியாது, நன்றாகவே வளர்ந்தது. அதே வாரம் ஒரு தெப்பத்தின் நங்கூரக் கயிறு லேசாகத் தேய்ந்திருந்தது தெரிந்ததும், மணி ஆறரை ஆகியிருந்தும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அது ஓடுகிற இடம். ஒரு தெப்பம் அறுந்தால் காற்றுக்குப் பக்கத்துத் தெப்பத்தையும் அடித்துக்கொண்டு போகும்.

சனிக்கிழமை சாயங்காலம் நோட்டில் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தேன். பையன் ஓடி வந்தான். பேனாவை நடுப்பக்கத்தில் வைத்து மூடிவிட்டு அவனோடு போனேன். உடை மரங்களுக்குப் பின்னால், தண்டவாளத்துக்குக் கொஞ்சம் தள்ளி மணல்மேட்டில் நின்றோம். பாம்பன் பக்கமிருந்து ரயில் வந்தது. அவன் ஒவ்வொரு பெட்டியையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். நானும் எண்ணினேன். அவனுக்கு இருபத்திரண்டு வந்தது, எனக்கு இருபத்தொன்று. ரயில் போய்விட்டது. வீடு வரைக்கும் அவன் இருபத்திரண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தான்.